‘நடை’ என்று ஒரு கட்டம்

சேசு மரி சூசை

திருக்காட்டுப்பள்ளி
20.8.2006, ஞாயிறு

அன்புள்ள அத்தானுக்கு,

ரோஸ்லின் எழுதுவது. நானும் அருள்ஜோதியும் உங்கள் அப்பாவும் சுகமாக இருக்கிறோம். நீங்களும் சுகம் என்றுதான் ஒவ்வொரு ஞாயிறும் போனில் சொல்கிறீர்கள். அதை நம்பித்தான் இந்தக் கடிதத்தைத் தொடங்குகிறேன். முடிக்கும்போது அந்த நம்பிக்கை எவ்வளவு மிச்சம் இருக்கும் என்று எனக்கே தெரியவில்லை.

போன் இருக்கும்போது கடிதம் எதற்கு என்று கேட்பீர்கள். போனில் கேட்டால் சிரித்து மழுப்பிவிடுகிறீர்கள். இல்லாவிட்டால் கார்டு தீரப்போகிறது என்கிறீர்கள். பக்கத்தில் அருள்ஜோதி வேறு நின்றுகொண்டு வாயைப் பார்க்கிறாள். காகிதத்தில் கேட்டால் நீங்கள் உட்கார்ந்து பதில் எழுதித்தான் ஆக வேண்டும்.

நீங்கள் அனுப்பிய கவர் புதன்கிழமை வந்தது. டிசம்பர் மூன்றாம் தேதி ஜப்பானிய மொழித் தேர்வு எழுதப் போகிறீர்கள், ஆரம்ப நிலைதான், நான்காம் நிலை என்று பெயர், அதில் தேறினால் இப்போது வேலை பார்க்கும் கப்பல் பட்டறையிலேயே ஜப்பான்காரர்களின் ஆபீசில் இடம் கிடைக்கும், அதனால் டிசம்பரில் ஊருக்கு வர முடியாது, படிப்பதற்கு டைம்டேபிள் போட்டிருக்கிறேன், நீதான் பள்ளிக்கூடத்தில் டைம்டேபிள் போடுகிறவளாயிற்றே, சரியா என்று பார்த்துச் சொல் என்று எழுதியிருக்கிறீர்கள். நாலே வரியில் நாலு விஷயம். டிசம்பரில் வரவில்லை என்பதை நடுவில் செருகிவிட்டால் கண்ணில் படாது என்று நினைத்தீர்களா?

அருள்ஜோதிக்கு மே மாதமே கோயிலில் முதல் நற்கருணை, புதுநன்மை, கொடுத்திருப்பார்கள். அப்பா வந்த பிறகுதான் என்று அவள் அடம்பிடித்ததால் பங்குச் சாமியாரிடம் கெஞ்சி டிசம்பர் எட்டாம் தேதி மாதா திருநாளுக்குத் தள்ளி வைத்தேன். அது உங்களுக்கும் தெரியும். பார்த்து இரண்டு வருடம் ஆகிறது. வெள்ளைக் கவுனுக்குத் துணி எடுத்தாயிற்று. மூன்றாம் தேதி தேர்வு முடிந்தால் நாலாம் தேதி விமானம் ஏறுவதற்கு என்ன தடை? அதற்கு உங்கள் கடிதத்தில் பதில் இல்லை.

முதலில் கேட்ட வேலையைச் செய்து கொடுத்துவிடுகிறேன். இன்றிலிருந்து சரியாகப் பதினைந்து வாரம் இருக்கிறது. எண்ணூறு சொல், நூறு சித்திர எழுத்து என்கிறீர்கள். கடைசி இரண்டு வாரத்தில் புதிதாக எதையும் தொடக்கூடாது, திருப்பிப் பார்க்க மட்டும்தான். மிச்சம் பதின்மூன்று வாரத்தில் நாளைக்குப் பத்துச் சொல், வாரத்துக்கு எட்டுச் சித்திர எழுத்து என்று போனால் முடிந்துவிடும். நீங்கள் முதல் வாரமே நாற்பது எழுத்து என்று போட்டிருக்கிறீர்கள். புது நோட்டு வாங்கிய வாரத்தில் எல்லாப் பிள்ளைகளும் இப்படித்தான் போடும். இலக்கணத்தை மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு வைக்காதீர்கள். நான் அந்தப் பீரியடில் தையலோ ஓவியமோதான் போடுவேன். எழுதிப் பழகுவதை அங்கே வையுங்கள், கை ஓடினால் தூக்கம் வராது. காதால் கேட்டுப் பழகுவதைச் சனிக்கிழமை ஒரேயடியாக இரண்டு மணி நேரம் வைத்திருக்கிறீர்கள். அதை உடைத்து தினம் இருபது நிமிடம் ஆக்குங்கள்.

இனி என் கேள்விகள்.

பள்ளிக்கூடத்தில் ஜூன் மாதம் நான் எப்படி டைம்டேபிள் போடுவேன் என்று பார்த்திருக்கிறீர்கள். பழைய கல்யாணப் பத்திரிகைகளை வெட்டி, டீச்சருக்கு ஒரு நிறமாகத் தரையில் பரப்பி உட்கார்ந்திருப்பேன். ஒரே பீரியடில் ஒரே டீச்சர் இரண்டு வகுப்பில் இருக்கக்கூடாது. அது ஒன்றுதான் விதி. உங்கள் தாளையும் அப்படித்தான் பார்த்தேன். திங்கள் முதல் வெள்ளி வரை காலை ஒன்பதிலிருந்து பன்னிரண்டு வரை எழுத்துப் பயிற்சி. மத்தியானம் இரண்டிலிருந்து நாலு வரை இலக்கணம். ராத்திரி பத்துக்குத் தூக்கம், ஐந்துக்கு விழிப்பு. வேலைக்கு எப்போது போகிறீர்கள்? உங்கள் பட்டறையில் வேலை காலை எட்டுக்கு என்று பத்து வருடமாகச் சொல்லியிருக்கிறீர்கள்.

அடுத்தது, ‘நடை’ என்று ஒரு கட்டம். காலையில் ஒன்று, மாலையில் ஒன்று. முதல் இரண்டு வாரம் ஐந்து நிமிடம், பிறகு பத்து, பிறகு பதினைந்து. அது என்ன நடை, யாரோடு நடை? ஐந்து நிமிடம் நடக்கிறவர் அதை டைம்டேபிளில் எழுதி வைப்பாரா? அதற்கும் கீழே சனிக்கிழமை நாலு முதல் ஆறு, யோஷிகோ சான், பேச்சுப் பயிற்சி. யோஷிகோ பெண் பெயர், சான் மரியாதைக்குச் சேர்ப்பது என்று எங்கள் சமூக அறிவியல் டீச்சர் சொன்னார். நான் சும்மா கேட்பது போலத்தான் கேட்டேன்.

போன மாதம் நீங்கள் போனில் பேசும்போது பின்னால் ஒரு பெண் குரல் ஏதோ நம்பரைச் சொல்லிக் கூப்பிட்டது. முன்பெல்லாம் பஸ் சத்தமும் நம் ஆட்கள் கத்துவதும் கேட்கும். இப்போது மூடிய அறைக்குள் இருந்து பேசுவது போல இருக்கிறது. எழுத்துக்கூட மாறியிருக்கிறது. வரி எல்லாம் மேல்நோக்கி ஏறுகிறது. மேஜையில் வைத்து எழுதியதாகத் தெரியவில்லை.

குறுவை அறுக்க ஆரம்பித்தாயிற்று. உங்கள் அப்பா சம்பாவுக்கு நாற்றங்காலைத் தயார் செய்கிறார். வாய்க்காலில் தண்ணீருக்குக் குறைவில்லை. குறை இங்கே வேறு இடத்தில்தான்.

மறைக்காமல் பதில் எழுதுங்கள்.

இப்படிக்கு,
ரோஸ்லின்

—

சேசு மரி சூசை

திருக்காட்டுப்பள்ளி
24.9.2006, ஞாயிறு

அத்தானுக்கு,

உங்கள் பதில் கிடைத்தது. இங்கே எல்லாரும் சுகம். எனக்கு மட்டும் தூக்கம் சரியில்லை, அதற்கு மருந்து உங்களிடம்தான் இருக்கிறது.

ஜூன் முதல் நைட் ஷிப்டு என்று எழுதியிருக்கிறீர்கள். கூடவே புது டைம்டேபிள் ஒன்றும் வைத்திருக்கிறீர்கள். ராத்திரி எட்டு முதல் காலை ஐந்து வரை வேலை, காலை ஆறிலிருந்து பன்னிரண்டு வரை தூக்கம், பிறகு படிப்பு. கட்டம் கட்டமாக ஸ்கேல் வைத்துக் கோடு போட்டு, ஒரு அடித்தல் திருத்தல் இல்லாமல் அழகாக இருக்கிறது. அதனால்தான் நம்ப முடியவில்லை.

எங்கள் பள்ளிக்கூடத்தில் இரண்டு டைம்டேபிள் உண்டு. ஆய்வுக்கு வரும் அதிகாரியின் கண்ணில் படுவதற்காகத் தலைமையாசிரியை அறையில் கண்ணாடி போட்டு மாட்டியிருப்பது ஒன்று. என் மேஜை டிராயரில், பென்சிலில் அழித்து அழித்துக் கந்தலாகிக் கிடப்பது ஒன்று. பிள்ளைகள் படிப்பது இரண்டாவதன்படிதான். நீங்கள் முதலில் அனுப்பியது டிராயர் தாள். இப்போது அனுப்பியிருப்பது சுவரில் மாட்டுகிற தாள். பதினோரு வருடமாக இரண்டையும் போட்டுக்கொண்டிருக்கும் என்னிடமா?

‘நடை’ எங்கே போயிற்று? கேட்டதற்கு விளக்கம் சொல்லியிருக்கலாம். ஒன்றும் இல்லை, சும்மா உடம்புக்காக என்று ஒரு வரி எழுதியிருந்தால்கூட விட்டிருப்பேன். அந்தக் கட்டத்தையே எடுத்துவிட்டீர்கள். பிள்ளைகள் கேள்வி கேட்டதும் நோட்டைப் பின்னால் மறைத்துக்கொள்வதைத் தினம் பார்க்கிறேன். யோஷிகோ மட்டும் சனிக்கிழமையில் அப்படியே இருக்கிறாள். அவளைப் பற்றி, நல்லவர், கோயிலில் பழக்கம் என்று எழுதியிருக்கிறீர்கள். வயதை எழுதவில்லை.

செல்லதுரை லீவில் வந்திருக்கிறான். சீர்காழிப் பக்கம் கடற்கரையிலிருந்து இரண்டு பஸ் மாறி உங்கள் பார்சலைக் கொண்டு வந்து கொடுத்தான். உங்கள் அறையிலேயே ஆறு வருடம் இருந்தவன். வந்தால் வெள்ளாட்டுக் கறி கேட்டுச் சாப்பிட்டுவிட்டு, படகு, வலை, அவன் அண்ணன் மீன் ஏலம் எடுக்கிற கதை என்று சாயங்காலம் வரை பேசுவான். இந்த முறை வாசலைத் தாண்டி வர மனமில்லை அவனுக்கு. காபியைக் கையில் வாங்கி ஆற விட்டுவிட்டான். அண்ணன் எப்படி இருக்கிறார் என்று கேட்டேன்.

“நல்லாத்தான் இருக்காரு அண்ணி. நேரத்துக்குச் சாப்புடுறாரு.”

சொல்லும்போது என் முகத்தைப் பார்க்கவில்லை, கிணற்றடியைப் பார்த்தான். நேரத்துக்குச் சாப்பிடுகிறார் என்பதை வேலைக்குப் போகிறவரைப் பற்றிச் சொல்வார்களா?

பார்சலில் அருள்ஜோதிக்குக் கவுன், சாக்லேட், உங்கள் அப்பாவுக்குக் கோடாலித் தைலம், எல்லாம் சரி. அடியில் உங்கள் வேலை பூட்ஸ் இருந்தது. என் தம்பி எல்வினுக்குக் கொடுக்கச் சொன்னதாகச் செல்லதுரை சொன்னான். அதன் அடிப்பாகம் இன்னும் தேயவில்லை. அந்தப் பூட்ஸ் இல்லாமல் பட்டறை கேட்டுக்குள்ளேயே விடமாட்டார்கள் என்று சொன்னது நீங்கள்தான். நைட் ஷிப்டுக்கு வெறுங்காலோடு போகிறீர்களா? தம்பியிடம் இன்னும் கொடுக்கவில்லை. நெல் மூட்டைக்குப் பின்னால் வைத்திருக்கிறேன். போகும்போதும் வரும்போதும் அது என்னைப் பார்க்கிறது.

நான் நினைப்பதை எழுதிவிடுகிறேன். பட்டறை வேலையை விட்டுவிட்டீர்கள். பகலில் வேறு யாருடைய வீட்டிலோ இருக்கிறீர்கள். ஐந்து நிமிடம், பத்து நிமிடம் என்று வெளியே போய் வருகிறீர்கள். ஜப்பான் என்பதே எங்களிடமிருந்து இன்னும் தூரம் போவதற்கு ஒரு சாக்கு. தப்பாக இருந்தால் என்னைத் திட்டி எழுதுங்கள், சந்தோஷமாக வாங்கிக்கொள்கிறேன்.

படிப்பை விட்டுவிடச் சொல்லமாட்டேன். யார் படித்தாலும் படிப்பு படிப்புதான். இன்னும் பத்து வாரம் இருக்கிறது. ஐந்து வாரம் போனதில் ஐம்பது சொல் பின்தங்கியிருந்தால் அதைப் பிடிக்க ஓடாதீர்கள். தேர்வில் அதிகம் வருகிறதை மட்டும் எடுத்துக்கொண்டு மற்றதை விடுங்கள். பழைய கேள்வித்தாளை வாரம் ஒன்று, கடிகாரம் வைத்துப் போட்டுப் பாருங்கள். இதைச் சொல்லித்தருவது உங்கள் மனைவியல்ல, டைம்டேபிள் டீச்சர்.

அருள்ஜோதி ஜெபங்களை எல்லாம் மனப்பாடம் செய்துவிட்டாள். பாவசங்கீர்த்தனத்தில் என்ன சொல்வது, என்னிடம் பாவமே இல்லையே என்று கேட்கிறாள். பெரியவர்களுக்குத்தான் அந்தக் கஷ்டம் இல்லை என்று சொல்ல நினைத்தேன், சொல்லவில்லை.

ரோஸ்லின்

—

சேசு மரி சூசை

திருக்காட்டுப்பள்ளி
22.10.2006, ஞாயிறு

என் அன்பு அத்தானுக்கு,

போன கடிதத்துக்கு நீங்கள் பதில் எழுதவில்லை. இரண்டு ஞாயிறாகப் போனிலும் அருள்ஜோதியோடு மட்டும் பேசிவிட்டு வைத்துவிட்டீர்கள். பதில் வரவில்லையே என்று நானும் முறுக்கிக்கொண்டிருந்தேன். நடுவில் உள்ளாட்சித் தேர்தல் வேலைக்கு என்னைப் பக்கத்து ஒன்றியத்தில் போட்டுவிட்டார்கள். அங்கே வாக்குச்சாவடியில் வந்தவர்களின் விரலில் மை வைத்துக்கொண்டே உங்களைத் திட்டிக்கொண்டிருந்தேன். இந்தக் கடிதத்தில் நலம் விசாரிக்கப் போவதில்லை. ஏன் என்று படித்தால் தெரியும்.

நேற்று தீபாவளி. பக்கத்து வீட்டு இராஜாங்கம் அண்ணன் ஆவணி மாதம் மடையை அடைக்கப் போய் வரப்பில் வழுக்கித் தொடை எலும்பு முறிந்ததை உங்களிடம் சொல்லவில்லை. நமக்குள் சண்டையாக இருந்ததால் ஊர்ச் செய்தி எழுதுவதையும் நிறுத்திவிட்டேன். தஞ்சாவூரில் ஆபரேஷன் செய்து, கம்பி வைத்து, போன வாரம்தான் வீட்டுக்கு அழைத்து வந்தார்கள். அவர்கள் வீட்டிலிருந்து காலையில் அதிரசமும் முறுக்கும் வந்தன. பாத்திரத்தை வெறுமனே திருப்பிக் கொடுக்கக்கூடாது என்று வாழைப்பழம் வைத்து எடுத்துக்கொண்டு போனேன். அப்படியே அவரையும் பார்த்துவிடலாம் என்று உள்ளே போனேன்.

கட்டிலுக்கு மேலே சுவரில் ஒரு தாள் ஒட்டியிருந்தது. ஆஸ்பத்திரியில் கொடுத்ததாம். டைம்டேபிளைக் கண்டால் என் கண் தானாகவே அங்கே போகும், உங்களுக்குத் தெரியும். கட்டம் போட்டு எழுதியிருந்தது. நடை, காலை ஒன்று, மாலை ஒன்று. முதல் இரண்டு வாரம் ஐந்து நிமிடம். பிறகு பத்து. பிறகு பதினைந்து.

இராஜாங்கம் அண்ணன் ஏதோ பேசிக்கொண்டிருந்தார். ஐந்து நிமிடம் என்றால் சின்ன வேலை என்று நினைக்கக்கூடாது, கட்டிலிலிருந்து வாசல் போய்த் திரும்புவதற்குள் உயிர் போய் வருகிறது என்றார். நான் பாத்திரத்தைக் கட்டிலடியில் வைத்துவிட்டு, சொல்லிக்கொள்ளாமல்கூட வந்துவிட்டேன். ஜெபப்புத்தகத்துக்குள் வைத்திருந்த உங்கள் முதல் தாளை எடுத்துப் பார்த்தேன். மேல்நோக்கி ஏறுகிற வரிகள். படுத்துக்கொண்டு எழுதினால் அப்படித்தான் ஏறும் என்று அப்போதுதான் புரிந்தது. அடுக்களையில் உட்கார்ந்து சத்தம் போட்டு அழுதேன். இரண்டு மாதமாக உங்கள் காலைப் போய்ச் சந்தேகப்பட்டுக்கொண்டிருந்திருக்கிறேன்.

அழுது முடித்ததும் என் பழைய புத்தி திரும்பி வந்தது. நிச்சயமாகத் தெரிந்துகொள்ளாமல் விடக்கூடாது என்று, இன்னும் லீவில் ஊரிலேயே இருந்து உங்களோடு போனில் பேசிக்கொண்டிருக்கும் செல்லதுரைக்குப் போன் போட்டேன். கீழே விழுந்தாரா என்று கேட்டால் நீங்கள் சத்தியம் வாங்கியிருப்பீர்கள், சொல்லமாட்டான். அதனால் எல்லாம் தெரிந்தவள் போல, தீபாவளி எப்படி என்று கேட்டுவிட்டு, அண்ணன் இப்போது எத்தனை படி ஏறுகிறார் என்று சாதாரணமாகக் கேட்டேன்.

“நாலு படி ஏறுறாரு அண்ணி. ஊன்றுகட்டை இல்லாமலே.”

சொல்லிவிட்டுத்தான் அவனுக்கு உறைத்தது. பிறகு அவன் அழுதுகொண்டே எல்லாவற்றையும் சொன்னான். மே மாதம் சாரத்திலிருந்து விழுந்ததையும், இரண்டு ஆபரேஷனையும், உங்கள் முறை வந்தால் நம்பர் சொல்லிக் கூப்பிடும் ஆஸ்பத்திரியையும். இனி சாரம் ஏறக்கூடாது என்று டாக்டர் சொன்ன அன்று நீங்கள் சாப்பிடவில்லையாம். ஜப்பான்காரர் ஆபீசில் உட்கார்ந்து வரைபடம் பார்க்கிற வேலை இருக்கிறது, அவர்கள் எழுத்து கொஞ்சம் தெரிந்தால் போதும் என்று யாரோ சொன்ன பிறகுதான் சோற்றில் கை வைத்தீர்களாம். கையில் கோலோடு ரோஸ்லின் முன்னால் போய் நிற்கமாட்டேன், கையில் ஒரு சர்டிபிகேட்டாவது இருக்க வேண்டும் என்று சொன்னீர்களாமே. அவன் மேல் கோபப்படாதீர்கள், நான்தான் அவனை ஏமாற்றினேன்.

உங்கள் மேல் எனக்குக் கோபம் இருக்கிறது. என்னை என்னவென்று நினைத்தீர்கள்? கோலைப் பார்த்து முகம் சுளிப்பவள் என்றா? இன்னொருத்தி இருப்பதாக நான் நினைத்துக்கொள்வது உங்களுக்குச் சம்மதம், கால் முறிந்தது தெரிவதுதான் சம்மதம் இல்லை. என்ன மனிதர் நீங்கள்! என் போன கடிதத்தைப் படுத்துக்கொண்டே படித்திருப்பீர்கள். அதை நினைத்தால் எனக்கு உடம்பெல்லாம் கூசுகிறது. அதைக் கிழித்துப் போட்டுவிடுங்கள். என்னை மன்னித்துவிடுங்கள்.

யோஷிகோவுக்கு என்ன வயது என்று செல்லதுரையிடம் கேட்கவில்லை. கேட்க நாக்குத் துறுதுறுத்தது. அதை நீங்கள் நேரில் வந்து சொன்னால் போதும்.

டாக்டர் நவம்பர் கடைசியில் ஒரு தடவை பார்த்துவிட்டால் பயணம் செய்யலாம் என்று சொல்லியிருப்பதாகச் செல்லதுரை சொன்னான். அதனால் நான் உங்களுக்குப் புது டைம்டேபிள் போட்டு இத்துடன் வைத்திருக்கிறேன். பென்சிலில்தான் போட்டிருக்கிறேன். தேர்வுக்கு இன்னும் ஆறு வாரம். படிப்பு நேரத்தில் கை வைக்கவில்லை, தேர்வை எழுதத்தான் வேண்டும். முடிந்தால் ஜெயிக்கவும் வேண்டும். மூன்றாம் தேதி சவேரியார் திருநாள். அவரும் ஜப்பானுக்குப் போய் அந்த மொழியோடு மல்லுக்கட்டியவர்தானே, உங்களுக்காக வேண்டிக்கொள்கிறேன். காலையிலும் மாலையிலும் ‘நடை’யைத் திரும்பப் போட்டிருக்கிறேன், இருபது நிமிடம், பிறகு இருபத்தைந்து. கூடவே ‘படி’ என்று ஒரு கட்டமும் சேர்த்திருக்கிறேன். நம் கோயில் வாசலில் ஏழு படி. நீங்கள் இப்போது நாலு ஏறுகிறீர்கள். ஆறு வாரத்தில் மூன்று படிதான் கூட வேண்டும். இரண்டு வாரத்துக்கு ஒரு படி, அதற்கு மேல் அவசரப்படக்கூடாது. ஏழு ஆகாவிட்டாலும் பரவாயில்லை. பக்கவாசலில் படி கிடையாது. இரண்டும் முடியாவிட்டால் நான் உங்களோடு கீழே நின்றுகொள்கிறேன், அருள்ஜோதி நன்மை வாங்குவது அங்கிருந்தே தெரியும்.

நாலாம் தேதி முதல் எதுவும் எழுதவில்லை. அந்தக் கட்டங்களை எல்லாம் காலியாக விட்டிருக்கிறேன். உங்கள் அப்பாவிடமும் பிள்ளையிடமும் இன்னும் சொல்லவில்லை. அதை நீங்கள் வாயால் சொல்லுங்கள். பூட்ஸை நெல் மூட்டைக்குப் பின்னாலிருந்து எடுத்துத் துடைத்து அலமாரியில் வைத்திருக்கிறேன். எல்வினுக்குக் கொடுக்கமாட்டேன்.

செல்லதுரை அழுததில் ஒரு விஷயத்தைக் கேட்க மறந்துவிட்டேன். மறுபடி போன் போட்டுக் கேட்கலாம், ஆனால் அதை உங்களிடமிருந்துதான் தெரிந்துகொள்ள வேண்டும் என்று இருக்கிறது. இந்தக் கடிதத்துக்குப் பெரிய பதில் எல்லாம் வேண்டாம். படிப்பு நேரத்தை வீணாக்காதீர்கள். எந்தக் கால் என்று மட்டும் எழுதுங்கள். கோயில் படி ஏறும்போது நான் எந்தப் பக்கம் நிற்க வேண்டும் என்று தெரிய வேண்டும்.

மாதா உங்களை விழாமல் காக்கட்டும்.

உங்கள்
ரோஸ்லின்